பெட்ரோலில் கலக்கும் 50 மில்லிலிட்டர்

மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடைகளில் பிரேக் ஆயிலுக்கும் செயின் ஸ்பிரேவுக்கும் பக்கத்தில் அடுக்கப்பட்டிருக்கும் 40, 50 மில்லிலிட்டர் குப்பிகள் எரிபொருள் சேர்மானம் என்ற பொதுப்பெயரால் வழங்கப்படுகின்றன. பெட்ரோலின் தன்மையையோ அது எஞ்சினுக்குள் நடந்துகொள்ளும் விதத்தையோ மாற்றுவதற்காகச் சிறிய அளவில் அதனுடன் கலக்கப்படும் வேதிப்பொருள் எதுவாயினும் அது சேர்மானமே. மைலேஜ் கூடும், பிக்கப் கூடும், எஞ்சினின் உட்புறம் சுத்தமாகும் என்ற மூன்று வாக்குறுதிகளும் பெரும்பாலும் ஒரே குப்பியின் மேலேயே அச்சிடப்பட்டிருப்பதால், மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை என்ற எண்ணம் வாங்குபவருக்கு எளிதில் ஏற்பட்டுவிடுகிறது. உண்மையில் முதலாவது ஆற்றல் கணக்கைச் சார்ந்தது. இரண்டாவது, பெட்ரோல் எந்தக் கணத்தில் தீப்பற்றுகிறது என்பதைச் சார்ந்தது. மூன்றாவது, உலோகப் பரப்பில் படியும் அழுக்கின் வேதியியலைச் சார்ந்தது. ஒன்றில் கிடைக்கும் விடை மற்றொன்றுக்குப் பொருந்தாது என்பதால் அவற்றைத் தனித்தனியே ஆராய்வதே முறை.

மைலேஜ் பற்றிய கேள்விக்கு விடை காண்பது மற்ற இரண்டையும்விட எளிது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ 32 மெகாஜூல் வெப்ப ஆற்றல் வெளிப்படுகிறது. சேர்மானமும் பெட்ரோலைப் போன்றே கார்பனும் ஹைட்ரஜனும் கொண்ட பொருள்தான் என்பதால், 10 லிட்டர் டேங்கில் ஊற்றப்படும் 50 மில்லிலிட்டர் தன் பங்குக்குத் தரக்கூடிய ஆற்றல் அரை விழுக்காட்டைத் தாண்டாது. ஆகவே மைலேஜை 15, 20 விழுக்காடு உயர்த்துவதாகக் கூறும் குப்பி, தன்னிடமிருந்து ஆற்றலைத் தருவதாகக் கூற முடியாமல், பெட்ரோல் முழுமையாக எரியாமல் வீணாகிக்கொண்டிருப்பதாகவும் அந்த வீணடிப்பைத் தான் தடுப்பதாகவும் கூறுகிறது. நல்ல நிலையில் இருக்கும், சூடேறிய ஒரு பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளின் வேதி ஆற்றலில் 95 முதல் 98 விழுக்காடு வரை எரியறைக்குள்ளேயே வெப்பமாக மாறிவிடுகிறது என்பதை இந்த வாதம் மறைத்துவிடுகிறது. எரியாமல் எஞ்சுவதே 2 முதல் 5 விழுக்காடுதான் எனும்போது, அதை அறவே ஒழித்தாலும் 20 விழுக்காடு லாபம் எங்கிருந்தும் வர வழியில்லை.

சிறிய மோட்டார் சைக்கிளில் பெட்ரோலின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கு அளவே கிராங்க் தண்டைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது என்பது உண்மைதான். ஆனால் மீதி ஆற்றல் எரியாமல் போனதன்று. எரிந்து, வெப்பமாகி, சைலன்சர் வழியாகவும் எஞ்சினைச் சுற்றியுள்ள தகட்டு விளிம்புகள் வழியாகவும் காற்றில் கலந்தது. வெப்பத்தை வேலையாக மாற்றும் எந்த எந்திரத்துக்கும் உள்ள இந்த இழப்பை எரிபொருளில் கலக்கும் எந்தத் துளியாலும் மீட்க இயலாது. கார்புரேட்டர் சரியாக அமைக்கப்படாமலோ ஏர் ஃபில்டர் தூசியால் அடைபட்டோ பெட்ரோல் மிகுந்தும் காற்று குறைந்தும் செல்லும் வண்டியில் எரியாத பங்கு கூடுதலாக இருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே குறைவது ஆக்சிஜன். அதைச் சரிசெய்ய வேண்டியது ஃபில்டரையும் கலவைத் திருகையும் தொட்டுப் பார்க்கும் மெக்கானிக்கின் கை. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, எரிபொருளை மிச்சப்படுத்துவதாக விற்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளையும் சேர்மானங்களையும் மதிப்பிட்டும், மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவு உயர்த்தும் எதையும் காணவில்லை.

அப்படியானால் குப்பியை ஊற்றிய பின் மைலேஜ் கூடியதாகப் பலர் மனமறிந்து சொல்வது ஏன் என்ற கேள்வி எழுகிறது. அவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்கள் அளக்கும் முறைதான் பொய்த்துவிடுகிறது. 200 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டு, அது தீரும்வரை ஓடிய கிலோமீட்டரைப் பார்ப்பது பரவலான வழக்கம். அந்த 2 லிட்டரில் 100 மில்லிலிட்டர் முன்பின்னாக இருந்தாலே விடையில் 5 விழுக்காடு பிழை நுழைந்துவிடும். டேங்கை வாய்வரை நிரப்பி அளப்பவர்களிடமும், ஒருமுறை சைடு ஸ்டாண்டிலும் மறுமுறை சென்டர் ஸ்டாண்டிலும் நிறுத்தி நிரப்பினால் மட்டம் மாறிவிடுகிறது. டயரின் காற்றழுத்தம், செயினின் இறுக்கம், எதிர்க்காற்று, சிக்னலில் நின்ற நேரம் ஆகிய ஒவ்வொன்றும் குப்பி தரக்கூடிய எந்த விளைவையும் விடப் பெரியது. இவற்றோடு, மைலேஜைக் கவனிக்கத் தொடங்கிய ஒருவர் தம்மையறியாமலேயே ஆக்சிலரேட்டரை மெதுவாகத் திருகத் தொடங்குகிறார் என்பதும் சேர்ந்துகொள்கிறது. செலவுக் கணக்கும் கடுமையானது: லிட்டர் 100 ரூபாய் என்றும் குப்பி 200 ரூபாய் என்றும் கொண்டால், 10 லிட்டருக்கு ஒரு குப்பி ஊற்றுபவர் போட்ட பணத்தைத் திரும்பப் பெறவே மைலேஜ் 20 விழுக்காடு உயர்ந்தாக வேண்டும்.

பிக்கப் பற்றிய வாக்குறுதி ஆக்டேன் எண்ணைச் சார்ந்து நிற்கிறது. எஞ்சினுக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை அழுத்தப்பட்டு, ஸ்பார்க் பிளக்கின் பொறியால் பற்றவைக்கப்படுகிறது. பிளக்கில் தொடங்கும் சுடர் எரியறையின் மறுமுனையை நோக்கி ஒழுங்காகப் பரவ வேண்டும். சுடர் வந்து சேரும் முன்பே, மறுமுனையில் இருக்கும் கலவை அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தானாகவே பற்றிக்கொண்டால் அழுத்த அலைகள் எழுந்து உலோகத்தைத் தட்டும் ஒலி கேட்கிறது. மெக்கானிக்குகள் நாக்கிங் என்று சொல்வது இதைத்தான். தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் திறனின் அளவே ஆக்டேன் எண். எளிதில் நாக்கிங் ஏற்படுத்தும் நார்மல் ஹெப்டேனுக்கு 0 என்றும், நன்கு தாங்கும் ஐசோ ஆக்டேனுக்கு 100 என்றும் அளவுகோல் அமைக்கப்பட்டது. பெட்ரோல் ஒன்று இவ்விரண்டின் எந்த விகிதக் கலவையைப் போல நடந்துகொள்கிறதோ அதற்கேற்ப அதன் எண் குறிக்கப்படுகிறது. இந்த எண்ணுக்கும் பெட்ரோலில் உள்ள ஆற்றலின் அளவுக்கும் தொடர்பில்லை. ஆக்டேன் கூடிய பெட்ரோல் வலிமை மிகுந்தது என்ற நம்பிக்கை எவ்வளவு பரவலானதோ அவ்வளவு தவறானது.

மிகச் சிறிய அளவில் ஒரு பொருள் பெட்ரோலின் இயல்பை மாற்றிவிட முடியும் என்பதை நிறுவியதும் இதே நாக்கிங் சிக்கல்தான். அமெரிக்காவின் டேட்டன் நகரில், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் சார்லஸ் கெட்டரிங்கின் கீழ்ப் பணியாற்றிய தாமஸ் மிட்ஜ்லி, அயோடின், அனிலின், டெல்லூரியச் சேர்மங்கள் என ஒவ்வொன்றாகச் சோதித்து, 1921 டிசம்பர் 9 அன்று டெட்ராஎத்தில் லெட் என்னும் ஈயச் சேர்மத்தை வந்தடைந்தார். ஏறத்தாழ 1,300 பங்கு பெட்ரோலில் ஒரு பங்கு கலந்தாலே நாக்கிங் அடங்கிவிடுவதற்குக் காரணம், தானாகப் பற்றும் நிகழ்வு ஒரு சங்கிலி வினை என்பதுதான். எரியறையின் வெப்பத்தில் சிதையும் ஈயச் சேர்மத்திலிருந்து பிறக்கும் ஈய ஆக்சைடுத் துகள்கள், அந்தச் சங்கிலியைத் தொடர்ந்து இழுத்துச் செல்லும் நிலையற்ற மூலக்கூறுத் துண்டுகளைப் பிடித்து அடக்கிவிடுகின்றன. 1923 பிப்ரவரியில் டேட்டனிலேயே இதன் விற்பனை தொடங்கியது. அடுத்த ஆண்டு அக்டோபரில் நியூஜெர்சியின் பேவே ஆலையில் இதைத் தயாரித்த தொழிலாளர்களில் ஐந்து பேர் ஈய நஞ்சால் மனம் பிறழ்ந்து இறந்த பிறகும் விற்பனை நிலைத்தது என்பது தொழில்நுட்ப வரலாற்றின் மன்னிக்க முடியாத பக்கங்களில் ஒன்று. பூமியின் வயதைக் கணித்த கிளேர் பேட்டர்சன், தம் ஆய்வுக்கூடத்து மாதிரிகளை மாசுபடுத்திக்கொண்டே இருந்த ஈயத்தின் மூலத்தைத் தேடிச் சென்று, காற்றிலும் கடலிலும் மனித உடலிலும் அது எவ்வளவு கலந்துவிட்டது என்பதை எடுத்துக்காட்டினார். இந்தியாவில் 2000 பிப்ரவரியில் ஈயப் பெட்ரோல் முற்றிலும் நிறுத்தப்பட்டது. வாகனங்களுக்கு அதை விற்ற கடைசி நாடான அல்ஜீரியா 2021 ஜூலையில்தான் கைவிட்டது.

ஈயம் போன பின் ஆக்டேன் பூஸ்டர் என்ற பெயரில் விற்கப்படும் குப்பிகள் இரு வகைப்படும். டொலுவீன் போன்ற, இயல்பிலேயே ஆக்டேன் மிகுந்த திரவங்களைக் கொண்டவை முதல் வகை. டொலுவீனின் ஆக்டேன் எண்ணை 120 என்று கொண்டு கணக்கிட்டால், 91 ஆக்டேன் பெட்ரோலை 94 ஆக உயர்த்த, நிரம்பிய 10 லிட்டர் டேங்கில் ஒரு லிட்டருக்கும் சற்று மேலாக டொலுவீனே இருந்தாக வேண்டும். 50 மில்லிலிட்டர் குப்பி உயர்த்துவதோ 0.15 எண் மட்டுமே. சில குப்பிகள் ஆக்டேனை 30 புள்ளிகள் உயர்த்துவதாக அறிவிக்கும்போது, அந்த வணிக வழக்கில் ஒரு புள்ளி என்பது ஆக்டேன் எண்ணில் பத்தில் ஒரு பங்கு என்பதை வாங்குபவர் அறிந்திருப்பதில்லை. இரண்டாம் வகை, மாங்கனீசு அல்லது இரும்பைக் கொண்ட உலோகச் சேர்மங்கள், எம்.எம்.டி. எனப்படும் மாங்கனீசுச் சேர்மமும் ஃபெரோசீனும் இவற்றில் முதன்மையானவை. ஈயத்தைப் போலவே இவையும் சிறு அளவிலேயே வேலை செய்கின்றன. ஈயத்தைப் போலவே எரிந்த பின் உலோக ஆக்சைடாக எஞ்சவும் செய்கின்றன. அந்த ஆக்சைடு ஸ்பார்க் பிளக்கின் வெண்ணிறப் பீங்கானில் செம்பழுப்புப் பூச்சாகப் படிந்து, பொறியை வேறு வழியில் கசியவிடுகிறது. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிகளின்கீழ் தயாரான வண்டிகளில் புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கி மாற்றியும், கலவையின் அளவை எஞ்சினின் கணினிக்குச் சொல்லும் ஆக்சிஜன் சென்சாரும் உள்ளன. உலோகப் படிவு இவ்விரண்டின் மேற்பரப்பையும் மூடிவிடக்கூடும் என்பதால், இவ்வகைக் குப்பியைச் சாலையில் ஓடும் வண்டிக்குப் பரிந்துரைக்க எந்த நியாயமும் இல்லை.

அதைவிட அடிப்படையான கேள்வி, சாதாரண மோட்டார் சைக்கிளுக்கு அந்தக் கூடுதல் ஆக்டேன் தேவையா என்பது. 97.2 சி.சி. ஹீரோ ஸ்பிளெண்டரின் சிலிண்டர் விட்டம் 50 மில்லிமீட்டர். பிளக்கிலிருந்து கிளம்பும் சுடர் கடக்க வேண்டிய தூரம் சில சென்டிமீட்டர்தான், 8,000 ஆர்.பி.எம். வேகத்தில் கிராங்க் 50 பாகை திரும்ப ஆகும் நேரம் ஒரு மில்லி விநாடி. கலவை தானாகப் பற்றிக்கொள்ளத் தேவையான அவகாசமே கிடைக்காத இந்தச் சிறிய எஞ்சின்கள், பம்பில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோலுக்காகவே வடிவமைக்கப்பட்டவை. நாக்கிங் இல்லாத எஞ்சினில் நாக்கிங்கைத் தடுக்கும் பொருளை ஊற்றுவதால் எதுவும் மாறுவதில்லை. நாக்கிங்கை உணர்ந்து பொறியின் நேரத்தை மாற்றியமைக்க உதவும் சென்சார் பெரும்பாலான சிறிய வண்டிகளில் இல்லாததால், கூடுதல் ஆக்டேனைப் பயன்படுத்திக்கொள்ளும் வழியும் அவற்றுக்கு இல்லை. உயர் அழுத்த விகிதம் கொண்ட பெரிய எஞ்சினுக்கு அதன் கையேடு 95 ஆக்டேன் கேட்டால், அந்த எண்ணுள்ள பெட்ரோலையே பம்பில் வாங்குவது குப்பியைவிட மலிவானதும் நிச்சயமானதும் ஆகும்.

மூன்றாவது வாக்குறுதியான சுத்தம் செய்தலில்தான் சேர்மானங்களின் உண்மையான வேதியியல் இருக்கிறது. வெயிலில் நீண்ட தூரம் ஓடி நின்ற வண்டியில், எஞ்சினை அணைத்த பின் குளிர்விக்கும் காற்றோட்டம் நின்றுபோவதால் சிலிண்டர் தலைப்பகுதியின் வெப்பம், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் நுனிக்கு ஏறுகிறது. அங்கே ஒட்டியிருக்கும் பெட்ரோல் படலத்தின் இலேசான பகுதி ஆவியாகிவிட, கனமான மூலக்கூறுகள் ஆக்சிஜனோடு சேர்ந்து முதலில் பிசினாகவும் பின்னர் கடினமான பழுப்பு மெழுக்காகவும் இறுகுகின்றன. மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கே விட்டமுள்ள துளைகளில் இது படியும்போது, கூம்பு வடிவில் நுண்துளிகளாகச் சிதற வேண்டிய பெட்ரோல் ஒரு பக்கமாகச் சாய்ந்தோ தாரையாகவோ பாய்கிறது. இன்லெட் வால்வின் பின்புறத்தில், வால்வுத் தண்டு வழியே கசியும் எஞ்சின் ஆயிலும் சேர்ந்து கரி பிடிக்கிறது. காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதம், ஐடிலில் நடுக்கம், ஆக்சிலரேட்டரைத் திருகியதும் ஒரு கணத் தயக்கம் ஆகியவை இதன் அறிகுறிகள்.

இந்தப் படிவைக் கரைப்பதற்கென்று உருவாக்கப்பட்ட பொருள்களில் பாலிஈதர் அமீன் மிகத் திறன் வாய்ந்தது. சோப்பு மூலக்கூறைப் போலவே இதற்கும் இரு முனைகள் உண்டு: நைட்ரஜன் கொண்ட ஒரு முனை படிவைப் பற்றிக்கொள்கிறது, நீண்ட மறுமுனை பெட்ரோலில் கரைந்து நிற்கிறது. பற்றிய துணுக்கைப் பெயர்த்துப் பெட்ரோலோடு இழுத்துச் சென்று எரியறையில் எரிந்துபோக விடுவதே இதன் பணி. இதற்கு முந்திய தலைமுறையான பாலிஐசோபியூட்டிலீன் அமீன் வால்வைச் சுத்தம் செய்தாலும், எரியறையில் தானே கரியாகப் படியும் குணம் கொண்டது. பாலிஈதர் அமீனின் நீண்ட முனையில் ஆக்சிஜன் அணுக்கள் இடையிடையே அமைந்திருப்பதால் அது வெப்பத்தில் எச்சமின்றிச் சிதைந்துவிடுகிறது. பெட்ரோலில் துப்புரவுப் பொருள் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாடு உண்மையானது என்பதால்தான், அமெரிக்கா 1995 முதல் எல்லாப் பெட்ரோலிலும் குறைந்தபட்ச அளவைக் கட்டாயமாக்கியது. அந்த அளவு போதாது என்று கருதிய கார் நிறுவனங்கள் சில 2004இல் டாப் டியர் என்ற உயர்ந்த தரத்தை வகுத்தன. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ. 2016இல் வெளியிட்ட சோதனையில், 4,000 மைல் ஓட்டத்துக்குச் சமமான இயக்கத்தின் முடிவில், அந்தத் தரத்தை எட்டாத பெட்ரோல்கள் சராசரியாக 19 மடங்கு கூடுதலான படிவை உண்டாக்கியிருந்தன.

இந்தச் சோதனை நிறுவுவது, நல்ல பெட்ரோலைத் தொடர்ந்து போடுவதன் பயனைத்தான். குப்பியின் பயனை அன்று. துப்புரவுப் பொருள் ஏற்கெனவே கலந்துள்ள பெட்ரோலைப் போட்டு, நாள்தோறும் ஓடி, எஞ்சின் முழுச் சூட்டை எட்டும் வண்டியில் படிவு அளவுக்கு மீறிச் சேர்வதில்லை. அங்கே குப்பிக்கு வேலையும் இல்லை. அடுத்த தெருக் கடைக்கும் பள்ளிக்கும் மட்டுமே போய்வரும் வண்டி, பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடி மேற்சொன்ன அறிகுறிகளைக் காட்டும் இன்ஜெக்டர் வண்டி ஆகியவற்றில்தான் பாலிஈதர் அமீன் என்று பெயர் குறிப்பிட்ட குப்பியை, சொல்லப்பட்ட அளவில், ஒரு முழு டேங்குக்கு ஊற்றிப் பார்ப்பது நியாயமான முயற்சி. மோட்டார் சைக்கிள்களில் இன்ஜெக்டர் வால்வுக்கு முன்பே பெட்ரோலைத் தெளிப்பதால், கலந்த மருந்து வால்வின் பின்புறத்தையும் கழுவிக்கொண்டு செல்லும் என்பது இங்கே சாதகமான அம்சம். பெயர்த்தெடுத்த அழுக்கிலும் மருந்திலும் ஒரு சிறு பகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து ஆயிலில் கலப்பதால், ஆயில் மாற்ற வேண்டிய நேரத்துக்குச் சற்று முன்பு இதைச் செய்வது உத்தமம். மாதந்தோறும் ஊற்றுவதால் கூடுதல் பயன் ஏதும் இல்லை. கார்புரேட்டரின் பைலட் ஜெட் என்னும் நுண்துளை முற்றிலும் அடைபட்டுவிட்டால் மருந்தும் உதவாது. பெட்ரோலே போக முடியாத துளைக்குள் பெட்ரோலில் கரைந்த மருந்து மட்டும் எப்படிப் போகும்? கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டை எடுத்து, கிளீனர் அடித்து, கம்பிரசர் காற்றால் ஊதுவதே அதற்கு வழி.

எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பின் புதிதாக ஒரு சந்தை உருவாகியிருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே 10 விழுக்காடு கலவையிலிருந்து 20 விழுக்காட்டுக்கு மாறும்போது லிட்டருக்கு ஏறத்தாழ 3.5 விழுக்காடு ஆற்றல் குறைகிறது. நிதி ஆயோக்கின் 2021ஆம் ஆண்டு அறிக்கை, 10 விழுக்காட்டுக் கலவைக்கு அமைக்கப்பட்ட இருசக்கர வாகனங்களில் எதிர்பார்த்த மைலேஜ் இழப்பும் 3 முதல் 4 விழுக்காடுதான். எத்தனாலின் தீமையைப் போக்குவதாகச் சொல்லும் குப்பி இந்த இழப்பை ஈடுகட்ட முடியாது. இல்லாத ஆற்றலைத் துளிகளால் உண்டாக்க இயலாது. நீரை நீக்குவதாக விற்கப்படும் மற்றொரு வகைக் குப்பியில் இருப்பது பெரும்பாலும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். நீரோடும் பெட்ரோலோடும் ஒருசேரக் கலக்கும் தன்மையால், டேங்கின் அடியில் தேங்கிய சிறிதளவு நீரைப் பெட்ரோலில் கரைத்து எரியவிடுவது அதன் உத்தி. எத்தனால் கலவாத பெட்ரோல் இருந்த காலத்தில் அது பொருத்தமாக இருந்தது. ஒவ்வொரு லிட்டரிலும் 200 மில்லிலிட்டர் ஆல்கஹால் ஏற்கெனவே இருக்கும்போது மேலும் 50 மில்லிலிட்டர் சேர்ப்பதில் பொருளில்லை.

நீரின் அளவு ஓர் எல்லையைத் தாண்டும்போது எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டு நீரோடு சேர்ந்து அடியில் தனி அடுக்காகப் படிந்துவிடுகிறது. 10 விழுக்காட்டுக் கலவையில் அந்த எல்லை லிட்டருக்கு ஏறத்தாழ 5 மில்லிலிட்டர், 20 விழுக்காட்டில் அதைவிடக் கூடுதல். மூடிய டேங்கில் காற்றின் ஈரத்தால் இவ்வளவு நீர் சேர்வது அரிது. மழையும் கழுவும் நீரும் மூடியின் வழியே இறங்குவதும், சென்னையில் 2015இலும் 2023இலும் நேர்ந்ததைப் போல வண்டி வெள்ளத்தில் மூழ்குவதும்தான் உண்மையான ஆபத்து. டேங்கிலிருந்து சிறிது பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அசையாமல் வைத்தால், நீர் பிரிந்திருக்கும் பட்சத்தில் அடியில் ஒரு பிரிகோடு தெளிவாகத் தெரியும். அந்தக் கோடு தெரிந்த பின் எந்த மருந்தும் அதைத் திரும்பச் சேர்க்காது. டேங்கைக் கழற்றி முழுவதையும் வடித்துவிட வேண்டும், ஸ்டார்ட் செய்து பார்க்கவும் கூடாது.

மாதக்கணக்கில் நிறுத்திவைக்கப்படும் வண்டிக்கு மட்டும் தனியாக ஒரு சொல் தேவை. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஃபீனால் வகைச் சேர்மங்களைச் சுத்திகரிப்பு ஆலைகளே பெட்ரோலில் சேர்க்கின்றன. நிலைப்படுத்தி என்று விற்கப்படும் குப்பி அதே வகைப் பொருளைக் கூடுதலாகத் தருகிறது. பிசின் உருவாகும் சங்கிலி வினையின் தொடக்கத்தை அது தடுக்குமே தவிர, உருவான பிசினைக் கரைக்காது என்பதால், நிறம் கறுத்துப் புளித்த வாடை வீசும் பழைய பெட்ரோலில் ஊற்றுவது வீண். புதிய பெட்ரோலால் டேங்கை நிரப்பி, நிலைப்படுத்தியைக் கலந்து, இன்ஜெக்டர் வரையிலும் அது சென்று சேரும்படி பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்ட பிறகே வண்டியை நிறுத்த வேண்டும். கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் அதற்கும் தேவையில்லை: பெட்ரோல் காக் எனப்படும் அடைப்பானை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, எஞ்சியிருக்கும் சில மில்லிலிட்டர்களை ஒரு பாத்திரத்தில் பிடித்துவிட்டால், ஜெட்டை அடைக்கும் பிசின் அங்கே உருவாகாது.